கபிரியேல் வள்ளத்தின் நீல வயர்கள்

குளச்சலில் பேட்டரி கடை நடத்தும் இர்ஷாதாவுக்குத் தன் கைவேலைமேல் அசாத்திய நம்பிக்கை. சிலர் அதைத் திமிர் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். நாகர்கோவிலில் ஐடிஐ படித்து, மார்த்தாண்டத்து இன்வெர்ட்டர் கடையில் ஆறு வருஷம் விரலைச் சுட்டுக்கொண்டு வேலை கற்றவள் அவள். பெண் பார்க்க வந்த ஷமீரிடமே, "கடை போடுவேன், சம்மதமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தலையாட்டினாள்.

காற்று வாய்த்தால் இங்குள்ள சில மீன்பிடி வள்ளங்கள் எஞ்சினை நிறுத்திப் பாயை விரித்துவிடும். அப்போதும் வயர்லெஸ் பேச வேண்டுமே! அதற்குத்தான் பேட்டரி. எஞ்சின் ஓடும்போதே அதில் சார்ஜ் ஏறும்படி வயர் இழுத்துக் கொடுப்பாள் இர்ஷாதா. பதினேழு வள்ளங்களில் ஒரு குறையும் வரவில்லை. பதினெட்டாவது கபிரியேலுடையது, வினை அதில் வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை கபிரியேல் கடைக்குள் நுழைந்து, கருகிப்போன ரெக்டிபயரை மேசையில் போட்டார். எஞ்சின் தரும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றுவது அதுதான்.

"பெண்ணு பாத்த வேலை இப்பிடித்தான் இருக்கும்! நடுக்கடல்ல வயர்லெஸ் செத்துப்போச்சு. எம் பொண்டாட்டி ரீத்தா கரையில நின்னு அழுத அழுகை உனக்குத் தெரியுமா?"

கடையில் நின்ற மூன்று வள்ளக்காரர்கள் காதிலும் அது விழுந்தது. போதாதா? பொழுது சாய்வதற்குள் கரை முழுக்கப் பரவிவிடும். அதற்குப் பிறகு இந்தக் கடைப் படியை எவன் மிதிப்பான்? இர்ஷாதா கருகிய ரெக்டிபயரைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"வள்ளத்தைப் பாக்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நடங்க அண்ணே."

வள்ளம் பளபளத்தது. மாதா கோயில் திருவிழாவுக்குப் பங்குச் சாமியார் வள்ளங்களை மந்திரிக்க வருகிறார் என்று, போன வாரம் கபிரியேல் தம் கையாலேயே நீலப் பெயிண்ட் அடித்திருந்தார். இர்ஷாதா பேட்டரிப் பெட்டியைத் திறந்தாள். சிவப்பு வயரும் நீலம், கறுப்பு வயரும் நீலம்.

"யா அல்லாஹ்! அண்ணே, இதுக்குமா அடிச்சிய?"

"பெயிண்டு மிச்சம் இருந்துது மக்கா. பாக்க ஒருபோல இருக்கட்டும்னு..."

இங்கே கரையேறியதும் எஞ்சினைக் கழற்றி, தோளில் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மறுநாள் திரும்ப மாட்டும்போது, கபிரியேல் வயர் நுனியிலிருந்த கிளிப்புகளை இடம் மாற்றி மாட்டியிருக்கிறார். அந்த நிமிஷமே ரெக்டிபயர் வெந்துவிட்டது, பிறகு பேட்டரியில் சார்ஜ் ஏறவே இல்லை.

இர்ஷாதாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே தன்மேலேயே கோபமும் வந்தது. தினமும் கழற்றி மாட்டுகிற எஞ்சினுக்கு, வயரின் நிறத்தை மட்டும் நம்பி வேலையை முடித்தது யார்?

"பெயிண்டு உங்க தப்பு, கிளிப்பு என் தப்பு. ரெண்டையும் நானே சரியாக்குறேன்."

புது ரெக்டிபயர் வைத்தாள். கிளிப்புகளை வெட்டி எறிந்துவிட்டு, ஒரு பக்கமாக மட்டுமே நுழையும் பிளக்கைப் பொருத்தினாள்.

"கண்ணை மூடிக்கிட்டு மாட்டுங்க. மாறிப்போச்சுன்னா நான் கடையைப் பூட்டிருதேன்."

கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ரீத்தா லேசில் மசிகிறவள் இல்லை. "நாளைக்குப் பதினோரு மணிக்கு எஞ்சினை நிப்பாட்டிப் பாய் விரிப்பாரு. அப்போ அவரு சத்தம் எனக்குக் கேக்கணும். கேக்கல்லன்னா, நானே வந்து உன் கடையைப் பூட்டுவேன்."

பேட்டரி காலியாகிக் கிடந்தது. எஞ்சின்தான் அதை நிரப்ப வேண்டும். பக்கத்து வள்ளத்தைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, விடிந்ததும் கபிரியேல் கடலுக்குப் போனார்.

பதினோரு மணிக்குக் கரையிலிருந்த வயர்லெஸ் முன்னால் இரண்டு பெண்களும் நின்றார்கள். சுற்றிலும் வேடிக்கை பார்க்க ஆட்கள். மணி பதினொன்று பத்து ஆயிற்று. ரீத்தாவின் கை ஜெபமாலையை விடவில்லை.

கரகரவென்று சத்தம் வந்தது.

"ரீத்தா, பாய் விரிச்சாச்சு. எஞ்சின் நிப்பாட்டி கொஞ்சம் நேரமாச்சு. இர்ஷாதா அங்க நிக்குதாளா? கடையில வச்சு நான் அவளைச் சொன்னது தப்புன்னு சொல்லு."

கடலில் இருந்த அத்தனை வள்ளங்களிலும் அது கேட்டிருக்கும். ரீத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை நீட்டினாள். இர்ஷாதா அதை வாங்கினாள்.

"அண்ணே, இன்னொரு தரம் சொல்லுங்க. பேட்டரியில சார்ஜ் நிறைய இருக்கு."