கீப்பர் இல்லாத ஆட்டம்

என் மருமகள் ஐஸில் ஹொக்கி விளையாடுகிறவள் என்று கோயிலில் நான் யாருக்கும் சொன்னதில்லை. கேட்டால் மறைக்க மாட்டேன். ஒருவரும் கேட்கவில்லை.

ஒக்லாந்தில், ஏவன்டேலில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஐஸ் மண்டபம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சறுக்கப் பழக்குகிறேன் என்று போனவள். பிள்ளைகள் விட்டுவிட்டார்கள், அவள் விடவில்லை. ஆஸ்பத்திரியில் நேர்ஸ் வேலை. கிழமைக்கு ஒரு நாள் வேலை முடிந்ததும் நேரே அங்கே போய்விடுவாள். பெரிய கிளப் ஒன்றுமில்லை, சிநேகிதர்கள் சேர்ந்த கூட்டம், ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாட்டு ஆட்கள். தலைவர் ஒரு வெள்ளைக்காரர். தண்ணீர்க் குழாய் வேலை. எங்கள் வீட்டுக் கதவுக்குள் குனிந்துதான் வருவார். மருமகளுக்கு வடிவாகச் சறுக்க வராது என்று தொடக்கத்திலேயே அவளைக் கோல் வாசலில் கீப்பராக நிறுத்திவிட்டார்கள். நின்ற இடத்தில் நின்று, பந்துக்குப் பதிலாக வருகிற கறுப்பு வில்லையை மறிக்கிற வேலை. அதில் அவள் கெட்டிக்காரி என்று என் மகன் சொல்லுவான்.

இங்கே யூலை நல்ல குளிர்காலம், தெற்குத் தீவில் அந்த மாதம் குளங்கள் உறைந்து போகும். அங்கே ஒரு பண்ணைக்காரர் தன்னுடைய குளத்தில் ஆட்களை விளையாட விடுகிறாராம். அங்கிருந்தும் இங்கிருந்தும் சிநேகிதக் கூட்டங்கள் வந்து ஒரு நாள் முழுக்க விளையாடிவிட்டுப் போவார்கள். தலைவருக்கு அது வெகுநாள் ஆசை. பிளேன், வேன், தங்குகிற வீடு எல்லாம் மருமகள்தான் எங்கள் குசினி மேசையில் இருந்து போனில் ஒழுங்கு செய்தாள். மகனும் போகிறதாக இருந்தது. அவனுக்கு லீவு கிடைக்கவில்லை, பிள்ளைகளோடு நின்றுவிட்டான்.

"மாமி, நீங்கள் வாங்கோவன்" என்றாள்.

"நான் வந்து என்ன செய்யிறது? உன்ரை ஆக்களோடை கதைக்க எனக்குப் பாஷையும் இல்லை."

"கதைக்க வேண்டாம். நான் விளையாடுறதை ஒருநாள் பாருங்கோ."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்த நாள் சரி என்றேன். எதற்கும் நான் அன்றைக்கே சரி சொல்கிறதில்லை.

கீப்பருடைய சாமான் அதிகம். காலுக்கு மெத்தை, நெஞ்சுக்கு மெத்தை, இரும்புக் கம்பி போட்ட தொப்பி. எல்லாம் ஒரு பைக்குள். விமான நிலையத்தில் அதை அவள் இழுத்துக்கொண்டு வர, "உதுக்குள்ளை ஆர் படுத்திருக்கிறது?" என்று கேட்டேன்.

"நான்தான், மாமி" என்றாள். அன்றைக்கு நல்ல சந்தோஷத்தில் இருந்தாள்.

கூட்டத்தில் மலேசியாத் தமிழ்ப் பிள்ளை ஒன்று இருந்தது. ஒக்லாந்திலேயே பாட்டனி டவுன்ஸ் என்கிற இடத்தில் ஒரு துணிக்கடையில் வேலை. நல்ல பிள்ளை. காலையில் எழும்பியதும் "ஆன்ட்டி, பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. மற்றவர்கள் பேசியதெல்லாம் எனக்கு அந்தப் பிள்ளை சொல்லித்தான் தெரியும்.

குளம் ஒரு மலையின் நிழலில் கிடந்தது. புல்லெல்லாம் வெள்ளை. பண்ணைக்காரர் ஐஸில் துளை போட்டுத் தடிப்பைப் பார்த்துத் தலையாட்டினார். நாங்கள் இருக்க வைக்கோல் கட்டுகள் போட்டிருந்தார்கள். நான் சேலைக்கு மேலே மகனுடைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் மருமகள் இடது கால் மெத்தையின் பட்டியை இறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் இரண்டு பேர் ஒரு பலகைப் பெட்டியைத் தூக்கி வந்து ஐஸில் வைத்தார்கள். ஆள் நீளம், முழங்கால் உயரம்கூட இல்லை. பெட்டியின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு சின்னப் பொந்து. குளத்தின் மற்றப் பக்கத்திலும் அதே மாதிரிப் பெட்டி ஒன்று. கோல் அதுதானாம்.

மலேசியாப் பிள்ளை கிட்ட வந்தது.

"அக்கா, இங்க கீப்பர் கிடையாதுக்கா."

மருமகள் பட்டியை விடவில்லை. "ஆர் சொன்னது?"

"குளத்து ஆட்டத்துல எப்பவுமே கெடையாது. அந்தப் பொந்துக்குள்ள போடணும், அவ்வளவுதான். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். பைய தூக்கிட்டு வந்தீங்களா, சும்மா கொண்டு வர்றீங்க போலன்னு…"

தலைவர் சொல்லியிருப்பார் என்று இந்தப் பிள்ளை நினைத்திருக்கிறது. ஒழுங்கெல்லாம் செய்தவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று தலைவர் நினைத்திருக்கிறார். மண்டபத்து ஆட்டத்தைத் தவிர அவளுக்கு வேறு ஆட்டம் தெரியாது. தலைவர் கழுத்தைத் தடவிக்கொண்டு வந்து, "நீதான் எங்கள் மனேஜர்" என்கிற மாதிரி ஏதோ சொல்லித் தேத்தண்ணீர்ப் பிளாஸ்கை அவள் கையில் கொடுத்தார். என்னையும் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

முதல் ஆட்டம் அவள் என் பக்கத்திலேயே இருந்தாள். வில்லையை அவள் பார்க்கவில்லை. ஆட்களுடைய கால்களைத்தான் பார்த்தாள்.

"குளிருதோ?"

"இல்லை."

"பிறகேன் நடுங்குறாய்?"

"மாமி, கொஞ்சம் பேசாமல் இருங்கோ."

வீட்டில் எனக்கு அப்படி யாரும் சொல்கிறதில்லை. ஆட்டம் முடிகிற நேரம்தான் சொன்னேன்: "இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்தது என்ரை பக்கத்திலை குந்தியிருக்கவோ, பிள்ளை? அதுக்கு ஏவன்டேலிலை கதிரை இருக்கு."

அவள் பிளாஸ்கை என் மடியில் வைத்துவிட்டு எழும்பிப் போனாள். தலைவரோடு கதைத்தாள். அவர் அவளுடைய காலைப் பார்த்தார். விழுவாய் என்று சொன்னாராம். விழுகிறதுதானே இவ்வளவு காலமும் என் வேலை என்று இவள் சொன்னாளாம். மலேசியாப் பிள்ளை ஓடிவந்து எனக்குச் சொன்னது.

மெத்தை ஒன்றுமில்லாமல் இறங்கினாள். "உடுப்பில்லாமல் நிக்கிற மாதிரிக் கிடக்கு" என்று போகும்போது சொன்னாள். முன்னுக்குப் போ என்று தலைவர் கையைக் காட்டக் காட்ட, அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு வந்து எங்கள் பெட்டிக்கு முன்னால்தான் நின்றாள். கால் அங்கேதான் இழுத்தது. இரண்டு பக்கமும் சமனாக இருந்தபோது எதிர்ப்பக்கத்துத் தாடிக்காரர் ஒருவர் ஓங்கி அடித்தார். இவள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வயிற்றால் மறித்தாள். எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். பெட்டிக்கு முன்னால் படுக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். நடுவர் என்று ஒருவரும் அங்கே இல்லை, பிழை விட்டவரே சொல்ல வேண்டும். அவள் எழும்பிக் கையை உயர்த்தினாள். அது எதிர்ப்பக்கத்துக்குக் கோல் என்று கணக்காயிற்று. எங்கள் ஆட்கள் தோற்றார்கள்.

மத்தியானம் சாப்பாட்டு நேரம். தலைவர் அவளுடைய தோளில் தட்டி, கடைசி ஆட்டத்துக்கு இறங்காமல் ஆறுதலாக இருக்கச் சொன்னார். நல்ல மனுசன்தான், பேச்சும் பண்பாகத்தான் இருந்தது. அவள் பாண் துண்டை வாயில் வைக்கவில்லை. இன்றைக்குக் குந்தியிருந்தால் இனி எந்தக் குளத்திலும் தன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று என்னிடம் மட்டும் சொன்னாள். பிறகு போய் அவருக்கு இங்கிலீஷில் சொன்னாள், இப்படித்தானாம்: "என்னை எங்கடை பெட்டிக்குக் கிட்ட விடாதேங்கோ. அவையின்ரை பெட்டிப் பக்கம், அந்தத் தொங்கலிலை விடுங்கோ."

விட்டார்கள். வெயில் ஏறி ஐஸின் கரை ஈரமாகத் தொடங்கியிருந்தது. எங்கள் பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொங்கலில் நின்றாள். எத்தனை தரம் விழுந்தாள் என்று நான் எண்ணவில்லை. வில்லை தன்னிடம் வருமட்டும் நின்று பழகியவள், முதல்முதலாக அதற்குப் பின்னால் போனாள். குழந்தை கோழிக்குப் பின்னால் ஓடுகிற மாதிரி ஒரு போக்கு. பார்க்க வடிவில்லை. ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருதரம் வில்லை அவள் காலடியில் வந்து நின்றது. முன்னால் பொந்து திறந்து கிடந்தது. ஒருவரும் கிட்ட இல்லை. அடித்தாள். பலகையில் பட்டுத் திரும்பியது. அந்தச் சத்தம் நான் இருந்த இடத்துக்குக் கேட்டது.

யார் வென்றது என்று எனக்கு நினைவில்லை. உதடு வெடித்து, மூஞ்சி சிவந்து வந்தாள்.

"பாத்தீங்களோ, மாமி?"

"பாத்தனான். பலகையிலைதான் பட்டது."

"பலகையோ என்னவோ, அடிச்சது நான்."

ஒக்லாந்துக்கு வந்த பிறகு மண்டபத்திலும் இனிக் கோலுக்குள் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அந்த வேலைக்கு வேறு ஒருவருக்கும் விருப்பமில்லை. கீப்பர் இல்லாமல் மண்டபத்தில் ஆட்டம் நடக்காது. ஒரு சனிக்கிழமை தலைவர் மடிப்புக் கலையாத சேர்ட் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணீர் குடித்தார். வடை சாப்பிட்டார். பிறகு என்னைப் பார்த்துக் கதைத்தார், மகன் தமிழில் சொன்னான்.

"நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் இவள் கேப்பாளாம், அம்மா."

"கேப்பாள்தான். அதாலைதான் சொல்ல மாட்டன் எண்டு சொல்லு."

மகன் சொன்னான். தலைவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, அப்படியென்றால் எங்கே நிற்க விருப்பம் என்று அவளிடமே கேட்டார்.

"முன்னாலை" என்றாள் அவள், தமிழிலேயே, குளத்தில் அவர் காட்டின மாதிரியே கையை முன்னுக்குக் காட்டிக்கொண்டு. மகன் அதை அவருக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.