நடுவில் எடுத்துக் கொடுக்காதவர்

எங்கள் பள்ளி ஆசிரியர் ஞானசேகரன் சார் இறந்துபோன செய்தி வந்தபோது நான் கும்பகோணத்தில் ஒரு பயிற்சி அரங்கில் உட்கார்ந்திருந்தேன். புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர்களுக்கான பயிற்சி. எங்கள் நடுநிலைப் பள்ளியில் இந்த ஜூன் மாதம் சேர்ந்த நித்யாவை அழைத்துக்கொண்டு, தலைமையாசிரியை என்ற முறையில் நானும் போயிருந்தேன். திரையில் 'புதிய ஆசிரியருக்குத் தேவையான தொழில் திறன்கள்' என்று போட்டிருந்தார்கள். முதல் திறன், பதிவேடுகளைப் பராமரித்தல். இரண்டாவதும் ஏதோ பதிவேடுதான். அப்போது கைப்பேசி அதிர்ந்தது. சாரின் மனைவி.

"டீச்சர், எங்க வீட்டுக்காரர் போயிட்டாருங்க. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

ஐம்பத்து மூன்று வயது. போகிற வயதா அது?

வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயிற்சியை நடத்திய அலுவலர் பின்னாலேயே வந்தார். விஷயத்தைச் சொன்னதும், "அடடா, அருமையான மனுஷன். அவர மாதிரி ஆளுங்கதான் இப்ப வேணும். ஸ்கூல்ல ஒரு இரங்கல் கூட்டம் வைங்க டீச்சர், நானே வர்றேன்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே மனிதர்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் சாரின் பெயரைப் பயிற்சியாளர் பட்டியலிலிருந்து அடித்தவர். சாரைத் தெரிந்த உங்களில் பலருக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ளுங்கள்.

அன்றும் இதே அரங்கம்தான். சாருக்கு அரை நாள் கொடுத்திருந்தார்கள். அவர் மடிக்கணினி எதுவும் கொண்டுவரவில்லை. கரும்பலகையில் நாலு வரி எழுதினார். ஒவ்வொருவராக வந்து நாலு வரி எழுதச் சொன்னார். பிறகு எல்லோரையும் பின்சுவரோரம் போய் நிற்கச் சொல்லி, அவரவர் எழுதியதைப் படிக்கச் சொன்னார். பாதிப் பேருக்குத் தங்கள் எழுத்தே தெரியவில்லை. "உங்களுக்கே தெரியல. கடைசி பெஞ்சுப் பிள்ளை என்னங்க பண்ணும்?" என்று கேட்டார். அடுத்து, காலையிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் பெயரைச் சொல்லச் சொன்னார். முழித்தார்கள். "பேர் தெரியாத பிள்ளையை எப்படிங்க கேள்வி கேப்பீங்க? 'ஏய், நீ எந்திரி'ன்னா?" சிரித்துவிட்டார்கள். கத்த வேண்டாம் என்றும் சொன்னார். நாம் கத்தினால் அதற்கு மேலே கத்தப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் என்றார். இடைவேளையில் அலுவலர் வந்து, "சிலைடு எங்க சார்? போட்டோ எடுத்து அனுப்ப ஒண்ணுமே இல்லையே" என்றார். இடைவேளை முடிந்ததும் வேறு ஆளைப் பேச வைத்தார்கள். பட்டியலிலிருந்து சாரின் பெயரும் போனது.

அலுவலரைத் திட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அதற்கும் ஒரு வருடம் முன்னால் நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன்.

ஆய்வுக்கு வருகிறார்கள் என்றால் நம்மில் பலர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். நீங்களும் செய்திருப்பீர்கள், மறுக்காதீர்கள். நன்றாக வாசிக்கிற பிள்ளைகளை முன் பெஞ்சில் உட்கார வைப்போம். திக்கித் திணறுகிற பிள்ளைகளிடம் முந்தின நாள் சாயங்காலமே, "நாளைக்கு நீ வர வேணாம் கண்ணு" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். அந்த வருடம் ஐந்தாம் வகுப்புச் சுகன்யாவிடம் நான் அப்படித்தான் சொன்னேன். மறுநாள் காலையில் அவளைக் காணாமல் சார் பைக்கை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போனார். அம்மா களை எடுக்கப் போயிருந்தாள். பிள்ளை வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தது. கூட்டிக்கொண்டு வந்து முன் பெஞ்சில் நடுவில் உட்கார வைத்துவிட்டார், மகராசன்.

ஆய்வுக்கு வந்தவர் அவளைத்தான் எழுப்பினார். மூன்று வரி. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக் கூட்டி அவள் வாசிக்க, எனக்கு வியர்த்துக் கொட்டியது. ஒரு சொல்லில் நின்றுவிட்டாள். நான் மெல்லச் சொல்லிக் கொடுக்க வாயெடுத்தேன். சார் கையைக் காட்டித் தடுத்தார். "நடுவுல எடுத்துக் கொடுக்காதீங்க டீச்சர். அவளே எடுப்பா." எடுத்தாள். ஆனால் வந்தவர், வாசிப்புத் தரம் குறைவு என்று எழுதிவிட்டுப் போனார். நான் சாருக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தேன். ஆமாம், நான்தான் கொடுத்தேன். என் கையெழுத்துதான். அவர் ஒரே வரியில் பதில் எழுதினார்: 'அந்தப் பிள்ளையும் நம் பள்ளியில்தான் படிக்கிறது.'

அதற்குப் பிறகும் என்னிடம் முகம் திருப்பிக்கொண்டு போகிறவர் இல்லை. நித்யா வந்து சேர்ந்த அன்று என் அறைக்கு வந்தார். "டீச்சர், இந்தப் பொண்ணுக்கு ஒரே ஒரு வாரம் குடுங்க. பதிவேடெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம். மொதல்ல பேரு, குரலு, போர்டு. அப்புறம் மெதுவா வர்ற பிள்ளைக்குக் காத்திருக்கிறது. என்கூட வகுப்புல நிக்கட்டும், போதும்." நான் ஆடிட் முடியட்டும் சார் என்றேன். ஆடிட் முடிந்ததும் காலாண்டுத் தேர்வு முடியட்டும் என்றேன். காலாண்டும் முடிந்தது. அவரும் போய்விட்டார்.

இரங்கல் கூட்டத்துக்கு முந்தின நாள் நித்யா வந்தாள். நல்ல பெண், சுறுசுறுப்பு. "ஆபீசர் வர்றாங்க இல்ல டீச்சர், நல்லா பேசுற பத்துப் பிள்ளைங்கள மட்டும் முன்னால உட்கார வைக்கலாம். சரியா படிக்காதவங்களுக்கு லீவு சொல்லிடவா?" என்றாள். ஐயோ! யாருக்குக் கூட்டம், என்ன பேச்சு! அவளை அறைந்துவிடலாம் போல இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. நாலு மாதத்தில் இந்தப் பள்ளியில் அவள் கற்றுக்கொண்ட ஒரே தொழில் திறன் அதுதான், கற்றுக்கொடுத்தவள் நான்.

எட்டாம் வகுப்பிலிருந்து சுகன்யாவைக் கூப்பிட்டேன். "சாரைப் பத்தி எழுதிப் படிக்கிறியா?"

"மெதுவாத்தான் டீச்சர் வரும். யாரும் நடுவுல சொல்லிக் குடுக்கக் கூடாது."

"யாரும் சொல்ல மாட்டாங்க."

மறுநாள் எல்லாப் பிள்ளைகளும் இருந்தார்கள். சுகன்யா தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படித்தாள். "சார் எங்க வீட்டுக்குப் பைக்கில் வந்தார். என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வந்தார். என்னை முன்..." என்று நின்றுவிட்டாள். நித்யாவின் உதடு அசைந்தது. அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார். "டீச்சர், டைம் ஆகுது. வேற பிள்ளையப் படிக்கச் சொல்லுங்களேன்" என்றபடி பாதி எழுந்தார்.

"உட்காருங்க சார். பிள்ளை படிக்குது" என்றேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. உட்கார்ந்துவிட்டார்.

"...முன் வரிசையில் உட்கார வைத்தார்" என்று சுகன்யா முடித்தாள்.

அந்த மெமோவை நான் இனிமேல் கிழித்துப் போட்டு என்ன ஆகப்போகிறது? அவர் எழுதிய ஒரு வரிப் பதிலை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவர் கேட்ட ஒரு வாரம் நித்யாவுக்குத் திங்கட்கிழமை தொடங்குகிறது. நடத்த அவர் இல்லை, நான்தான் நடத்தியாக வேண்டும். இத்தனை வருட வேலையில் ஒரு நாள்கூட நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து என் எழுத்தைப் பார்த்ததில்லை. முதலில் நான் போய் உட்காருகிறேன்.