ஜோசப் சாருக்கு நான் வைத்த வினை

1. முதல் நாள்

எழுபதுகளின் தொடக்கத்தில் அடையாறில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கம்ப்யூட்டர் புரோகிராமராகச் சேர்ந்தேன். என் தலைவர் அன்றே சொன்னார்: "மனுஷன் மூளையில என்ன ஓடுதோ, அதை அப்படியே கார்டுல ஓட்டை ஓட்டையா பஞ்ச் பண்ணும்மா. மெஷினும் யோசிக்கும்." நானும் நம்பினேன்.

முதல் மூளையாக, மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கும் ஜோசப் சார் அகப்பட்டார். 'குளத்தங்கரை வக்கீல் வீடு, மெட்ராஸ்' என்றிருந்தாலும் அவர் கை தயங்காமல் அலமாரியில் அந்தப் பேட்டைக்குரிய அறைக்குள் வீசிவிடும்.

"எப்படின்னு ஒவ்வொண்ணுக்கும் வாய்விட்டுச் சொல்லுங்க சார்."

முதலில் ஊர், அப்புறம் பேட்டை, அப்புறம் தெரு என்றார். அதையே விதிகளாக்கிப் புரோகிராம் எழுதினேன். வக்கீல் வீட்டை மெஷின் திருப்பித் தள்ளியது. விதி போதவில்லை என்று தினமும் போய் அவரைக் குடைந்தேன். அப்போது எனக்கு அவ்வளவு ஆர்வம், அவ்வளவு அசட்டுத்தனம்.

2. பத்தாம் நாள்

முகவரி தெளிவாக இருந்த மேற்கு மாம்பலம் கடிதம் ஒன்று மந்தைவெளி அறைக்குள் விழுந்தது. அவர் திகைத்து நின்றார்.

"இன்னாம்மா பண்ணிட்டீங்க? இருபது வருசமா தானா போய்க்கினு இருந்த கை, இப்போ ஒவ்வொண்ணுக்கும் நின்னு யோசிக்குது. அடுத்த வாரம் கடுதாசி பிரிக்கிற டெஸ்ட்டு கீது. கோட்டை விட்டா இந்தத் தபாவும் ப்ரமோஷன் இல்ல."

நான் மறுநாள் விதியைப் பற்றி மூச்சே விடவில்லை. "பொண்ணு கல்யாணம் எப்போ சார்?" என்றேன். சம்பந்தி வீட்டுக் கெடுபிடியை அவர் சொல்லச் சொல்ல, கை பழையபடி பறந்தது. ஒரு கடிதம்கூடத் தவறவில்லை. ஒரு வாரம் கல்யாணக் கதையாகவே கேட்டேன்.

டெஸ்ட்டில் பேசக் கூடாதே என்றுதான் பயம். தேறிவிட்டு வந்து சிரித்தார். "வாய்க்குள்ளயே செபமாலை சொல்லிக்கினேன். கை அது பாட்டுக்குப் போச்சு."

3. ரிப்போர்ட்

'அவர் வாய் சொன்னது, வேலைக்குச் சேர்ந்தபோது கற்றுக்கொடுத்த பாடம். கைக்குத் தெரிந்தது வேறிடத்தில் இருக்கிறது. நம் மெஷினில் வாய் சொன்னதற்கு மட்டும்தான் இடம் வைத்திருக்கிறோம்' என்று எழுதினேன்.

"அப்போ கையை எப்படிம்மா பஞ்ச் பண்றது?" என்றார் தலைவர்.

பதில் தெரியாமலே ரிட்டயர் ஆனேன். ஒன்று மட்டும் கற்றுக்கொண்டேன். வேலை தெரிந்தவரிடம் கேள்வி கேட்கப் போகிறீர்களா? அடுத்த வாரம் அவருக்கு என்ன இருக்கிறது என்பதை முதலில் கேளுங்கள்.