கூடையில் இறங்கிய சாவி

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். ஷெல்லடிக்குத் தப்பி வந்தவனுக்குப் பேய் எம்மாத்திரம்? நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள், தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோவில் இது நடந்தது.

அங்கே சீசா என்கிற பகுதியில், நாலாம் மாடியில் தனியே இருந்த ஒரு புரொபெசோரேயின், அதாவது பேராசிரியரின், வீட்டில் எனக்கு வேலை. அமெரிக்க வரலாறு படிப்பித்தவர். அங்கே வங்கிகள் எப்படி விழுந்தன, வேலை போன சனம் யாருக்கு வாக்குப் போட்டது என்று, நான் சூப் கிண்டிக்கொண்டு நிற்கும்போது கதைகதையாய்ச் சொல்லுவார். அப்படிப்பட்ட மனுசன், நான் வேலைக்கு வருவதற்கு முன்பே, மகள் ஓர் அமெரிக்கனைக் கட்டப்போகிறேன் என்றதும் வெளியே போ என்றுவிட்டார். வீட்டுச் சாவியை மேசையில் எறிந்துவிட்டுப் போனவள்தான்.

"அந்த நாட்டுச் சனம் எந்தக் காலத்தில என்ன சாப்பிட்டது எண்டு எனக்குத் தெரியும். என்ரை பிள்ளை இண்டைக்குச் சாப்பிட்டாளோ தெரியாது" என்று ஒருநாள் சொல்லி அழுதார்.

அவருக்குக் கால் ஏலாது. காலையில் நான் கீழே நின்று மணியடித்தால், அந்த ஊர் வழக்கப்படி பால்கனியில் இருந்து கயிற்றில் கூடையை இறக்குவார், அதற்குள் வீட்டுக் கதவுச் சாவி இருக்கும். எடுத்ததும் கூடை மேலே போய்விடும்.

கடைசியில் மகள் மனமிளகி, வருகிறேன் என்று போன் பண்ணினாள். அவர் என்னைக் கொண்டு திரைச்சீலை எல்லாம் தோய்ப்பித்தார். அன்று காலை நான் போனபோது அவள் பெட்டியோடு வாசலில் நின்றாள், படத்தில் கண்டிருந்தபடியால் அடையாளம் தெரிந்தது. மணியடித்தேன். கூடை இறங்கியது. உள்ளே வழக்கமான சாவி இல்லை, சிவப்பு நூல் கட்டிய பழைய சாவி ஒன்று.

"இது என்ரை சாவி" என்று சிரித்தாள், கண்ணெல்லாம் தண்ணீர். கூடை மேலே போனது. அப்பா, அப்பா என்று கூப்பிட்டபடி படியேறி, அந்தச் சாவியாலேயே கதவைத் திறந்தாள்.

புரொபெசோரே சாய்மனைக் கதிரையில் விறைத்துப்போய் இருந்தார். முதல்நாள் மாலையே உயிர் போய்விட்டது என்றார் வைத்தியர். பால்கனிக் கதவு உள்பக்கமாகப் பூட்டியிருந்தது. இன்னும் ஓர் இரவு பொறுத்திருக்கக்கூடாதா என்று எனக்கு நெஞ்சு வெடித்தது.

"கூடையை நீங்களும் கண்டனீங்கள்தானே?" என்று என் கையைப் பிடித்துக் கேட்டாள்.

"ஓம், கண்டனான்" என்றேன்.

செத்தவீடு முடிந்து போகும்போது, அதே சாவியால் கதவைப் பூட்டப் பார்த்தாள். திரும்பவில்லை. எப்படித் திரும்பும்? நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பூட்டுப் பழுதாகி, ஆளைக் கூட்டிவந்து புதுப் பூட்டுப் போடுவித்தது நான்தான். இதை அவளிடம் சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.