உருவி எடுத்த அட்டை

ஜெபப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்திருக்கிறீர்களே, ஒரு மூலை வெட்டுப்பட்டு, பொட்டுப் பொட்டாய் ஓட்டை விழுந்த அந்த நீள அட்டை, அது விளையாட்டுச் சாமான் அல்ல பிள்ளைகளே. சுவரில் படமாக இருக்கும் உங்கள் அத்தை வீட்டு மாமாவுக்கு என்ன நடந்தது என்பது அதில்தான் இருக்கிறது.

எழுபதுகளில், தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்து கப்பல்கள் கரையோரமே வந்து நிற்கத் தொடங்கிய காலம். துறைமுகத்துக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் ஸ்டேஷனில் மாமா ஆபரேட்டர். எட்டாவது வரை படித்த நான் அங்கேயே இன்ஜினியர் ஆபீசில் பியூன். எங்காவது கம்பியும் கம்பியும் தொட்டுவிட்டால் ஒரே மூச்சில் பாய்ந்து வருகிற மின்சாரத்தை அறுத்து நிறுத்துவதுதான் பிரேக்கர். எவ்வளவு வந்தால் அறுக்கும் என்பது அதன் நெற்றித் தகட்டிலேயே இருக்கும். எங்கள் பிரேக்கர் பழசு. துறைமுகத்துக்காக இரண்டாவது லைன் வந்ததும், இரண்டும் சேர்ந்து பாய்ந்தால் அது தாங்குமா என்ற சந்தேகம் எங்கள் இன்ஜினியர் ஐயாவுக்கு வந்தது. நாசரேத்துக்காரர், இளவயது, அதிர்ந்து பேச மாட்டார். பல வாரம் உட்கார்ந்து கணக்கெழுதி மெட்ராஸில் இருந்த கம்ப்யூட்டருக்கு அனுப்பினார். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு எதையும் அட்டையில் ஓட்டை போட்டுத்தான் சொல்ல வேண்டும்; ஒவ்வொரு லைனுக்கும், ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு அட்டை. அட்டைப் பெட்டியும் விடைத்தாளும் திரும்பி வந்தன. எங்கள் பிரேக்கருக்கு நேராக ‘போதாது’ என்று இங்கிலீஷில் அச்சாகியிருந்தது.

மாமா சிரித்தார். “நேத்துப் பெறந்த பெட்டி, நம்ம கெழவனப் பாத்து ஏலாதுங்குது மாப்ள” என்றார். ஆனாலும் அன்றிலிருந்து, கைப்பிடியைப் போடும்போது பிரேக்கருக்கு நேரே நிற்காமல் ஒருக்களித்தே நின்றார். இடது கை கழுத்துச் சிலுவையைப் பிடித்திருக்கும்.

பெரிய அதிகாரி விடைத்தாளைப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார். “புது பிரேக்கர் வர எத்தன வருசம் ஆகும் தெரியுமா தம்பி? அதுவரைக்கும் துறைமுகத்த இருட்டுல போடவா? ரெண்டு லைனையும் சேக்காம ஓட்டுவோம். சேக்குற சுவிட்சு போட்டுருக்குன்னு ஒரு அட்ட இருக்கும்லா, அத எடுத்துட்டு மறுபடி கணக்குப் போடும்.”

“எப்பவாச்சும் சேக்க வேண்டி வரும் சார்.”

“வந்தா பாப்போம்.”

ஐயா பெட்டியைத் திறந்து, தேடி, ஒரே ஒரு அட்டையை உருவினார். மற்ற அட்டைகளைத் தட்டி ஒழுங்கு பண்ணியதும் பெட்டி நிறைந்துதான் இருந்தது. ஒன்று குறைந்தது கண்ணுக்கே தெரியவில்லை. நான்தான் கயிறு கட்டி ரயிலில் ஏற்றினேன். இம்முறை ‘போதும்’ என்று வந்தது. “ஒரு அட்டைய உருவுனதும் கெழவனுக்குத் தெம்பு வந்துட்டு, பாத்தியா” என்றார் மாமா. ஐயா சிரிக்கவில்லை. ‘சேர்க்காதே’ என்று தம் கையால் பலகை எழுதி அந்தச் சுவிட்சில் மாட்டினார்.

உப்பளக் காற்று கோடை முழுவதும் கம்பிகளைத் தாங்கும் பீங்கான்களில் உப்பை அப்பிவிடும். பெருமழை அதைக் கழுவிவிடும், தூறல் மட்டும் ஆகாது. ஈர உப்பின் வழியே மின்சாரம் இறங்கிவிடும். அப்படித் தூறிய ஒரு பகலில், ஐயா விளாத்திகுளம் போயிருந்த நேரத்தில், ஒரு லைனின் டிரான்ஸ்பார்மர் சூடேறியது. அதை நிறுத்த வேண்டும், ஆனால் கப்பலுக்கு மேல் பாரத்தோடு நிற்கும் கிரேனுக்குக் கரண்ட் போகக்கூடாது. இரண்டையும் சேர்த்துவிட்டுப் பிறகு அதை எடு என்று பெரிய அதிகாரி போன் பண்ணினார். மாமா பேசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். “பலகை தொங்குது சார்… சரி சார்… நீங்க சொன்னாச் சரி.” போனை வைத்துவிட்டு, “அஞ்சு நிமிசந்தானாம் மாப்ள. நீ வெளிய போய் நில்லு” என்றார்.

நான் கேட் பக்கம் போகுமுன் மாமா இரண்டையும் சேர்த்துவிட்டார். அதே நேரம் வெளியே பீங்கானில் நீலமாய்ப் பளிச்சென்றது. பிரேக்கர் அறுக்க முயன்றது, முடியவில்லை. வெடித்து, உள்ளே இருந்த எண்ணெய் தீயாய்க் கொட்டியது. ஒருக்களித்து நின்றும் பிரயோஜனம் இல்லை.

விசாரணையில் இரண்டாவது விடைத்தாளை எடுத்து வைத்தார்கள். பிரேக்கர் போதுமானது, பலகையை மீறியது ஆபரேட்டர் என்றார்கள். போன் வந்ததை நான் சொன்னேன், யாரும் எழுதிக்கொள்ளவில்லை. முதல் விடைத்தாள் ஒன்று உண்டு என்று ஐயா சொன்னார். அப்படி ஒன்று பைலில் இல்லை என்றார்கள். செத்தவர் மேல் குற்றம் நின்றுவிட்டது. உங்கள் அத்தை அதற்குப்பின் அந்த ஸ்டேஷன் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறியதே இல்லை.

வேலையை விட்டுப் போகும்முன் ஐயா நம் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. “இது மட்டுந்தான் எங்கிட்ட மிச்சம்” என்று, அன்று உருவி எடுத்த அந்த அட்டையைக் கையில் தந்தார். பிறகு அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. நானும் அட்டையை யார் யாரிடமோ கொண்டுபோய்க் காட்டினேன். வெறும் ஓட்டைதானே என்றார்கள்.

நேற்று சின்னவள் அதைச் சன்னலுக்கு நேரே பிடித்து, தரையில் விழுந்த வெளிச்சப் பொட்டுகளைக் காட்டி, “இதுல என்னப்பா எழுதியிருக்கு?” என்று கேட்டாள். அதற்குத்தான் இத்தனையும் சொன்னேன். இரண்டு லைனும் சேர்ந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறது, மகளே. அவ்வளவுதான்.