"வேறு கல்லூரி கேட்டிருக்கிறதா?"

ஜெர்மனியில், எசன் நகரில் அமெரிக்கன் ஃபுட்போல் பழக்கும் தமிழன் நான். "காலால உதைக்காத விளையாட்டுக்கு ஏன் அண்ணை ஃபுட்போல் எண்டு பேர்?" என்று கேட்காத தமிழர் இங்கே குறைவு. பதில் சொல்லியே களைத்துப்போனேன்.

நிரோஷன் எங்கள் லைன்பேக்கர். பந்தோடு ஓடி வருபவனை மறித்து விழுத்துவது அவன் வேலை. ஸ்கொலர்ஷிப்போடு அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் விளையாட வேண்டும், அதைவிட அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. ஸ்கொலர்ஷிப் இல்லாமல் அனுப்ப அந்த வீட்டில் வசதியும் இல்லை.

கடைசி லீக் போட்டியை வென்றால்தான் பிளேஓஃப் என்ற அடுத்த சுற்று. அதைப் பார்க்க ஒரு ரெக்ரூட்டர், கல்லூரிக்கு ஆள் தேடுபவர், அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். நிரோஷன் பேய் பிடித்தவன்போல் விளையாடினான். வென்றோம்.

ரெக்ரூட்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "நல்ல பெடியன். இவனை வேறு கல்லூரி ஏதும் கேட்டிருக்கிறதா?"

"இல்லை" என்றேன். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இந்தத் தொழிலில் அந்தக் கேள்விக்கு ஒரு கணக்கு உண்டு. வேறு கல்லூரியும் கேட்ட ஆளை உடனே பிடித்துக்கொள்வார்கள். ஒருவரும் கேட்காத ஆளை ஆறுதலாகப் பார்க்கலாம் என்று விட்டுவிடுவார்கள். கொஞ்ச நாளில் அந்த இடம் கொலோன் நகரப் பெடியன் ஒருவனுக்குப் போனது. அவனை வேறு கல்லூரியும் கேட்டிருந்ததாம்.

செய்தி சொல்ல நிரோஷன் வீட்டுக்குப் போனேன். காரணத்தையும் சொன்னதும், தாய் தேத்தண்ணியை வைத்துவிட்டு அழத் தொடங்கினார்.

"அண்ணை, இன்னொரு கொலிஜும் இவனைக் கேட்டது. முன்னமே வீடியோவில கதைச்சவை."

"ஏன் தங்கச்சி எனக்குச் சொல்லேல்லை?"

"சரிவர முன்னம் வெளியில சொன்னா கண்ணூறு பட்டிடும் எண்டு நான்தான் அவனை வாய் திறக்க விடேல்லை. உங்களிட்டயும் சொல்லாதை எண்டனான்."

"அந்த இடமாவது இருக்கே?"

"இந்தப் பெரிய கொலிஜ் கிடைக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தம். அவையும் வேற ஆளை எடுத்திட்டினம்."

நிரோஷன் தாயின் பக்கத்தில் வந்து இருந்தான். "விடுங்கோ அம்மா" என்றான். அவன் கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திராது.

பிளேஓஃபில் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். இப்போது அவன் லிஃப்ட் திருத்தும் வேலைக்கு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்கிறான்.

அந்தத் தாயைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. விசா வந்தாலும் கலியாணம் பேசினாலும், காரியம் முடியும்வரை மூச்சு விடாத சனம் நாங்கள். அதனால் என்னோடு பழக்கும் இளம் ட்ரெயினர்மாருக்கு ஒன்று சொல்வேன்: ரெக்ரூட்டர் வர முன்னம் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். "இல்லை" என்றால், இன்னொரு முறை கேளுங்கள்.

இப்போது நிரோஷனின் தம்பி எங்கள் அணியில். போன கிழமை தமிழ்க் கடையில் தாயைக் கண்டேன். நிரோஷன் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றான்.

"சின்னவனுக்கு ஏதும் வந்ததே, தங்கச்சி?"

அவர் கடையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். "ஒண்டும் இல்லை அண்ணை."

நிரோஷன் பையைக் கீழே வைத்தான்.

"அம்மா, ட்ரெயினருக்குச் சொல்லுங்கோ."