மணி இல்லாத சைக்கிள்

என் சைக்கிளுக்கு மணி இல்லை. முன்பு இருந்தது. இத்தாலியில், பலெர்மோ நகரின் ஒரேத்தோ பக்கத்தில் நாங்கள் இருக்கிற கட்டடத்தின் கீழே, படிக்கட்டின் பக்கத்தில் பூட்டி வைத்த இடத்தில், யாரோ மணியை மட்டும் கழற்றிக்கொண்டு போனார்கள். மகள் புதிதாக ஒன்று வாங்கிப் பூட்டினாள். அதுவும் போனது. சைக்கிளை விட்டுவிட்டு மணியைத் திருடுகிறவன் எப்படிப்பட்ட மனிதனாக இருப்பான் என்று நான் மிதிக்கும்போது நிறைய யோசித்திருக்கிறேன். இன்னொன்று வாங்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். எனக்கு வாய் இருக்கிறது.

அந்த வாயால் நான் கத்துகிற சொல் பெர்மெஸ்ஸோ. வழி விடுங்கள் என்று அர்த்தம். ஆனால் எங்கள் ஆட்களுக்கு இந்த நாட்டில் முதலில் தெரியவருகிற அர்த்தம் அதுவல்ல. எங்களுக்குப் பெர்மெஸ்ஸோ என்றால் இங்கே இருக்க அனுமதி தருகிற கடதாசி. பெர்மெஸ்ஸோ வந்துவிட்டதா, பெர்மெஸ்ஸோ முடியப்போகிறதா என்பதுதான் கோயில் வாசலிலும் கடை வாசலிலும் கதை.

நான் வந்த புதிதில் கபோ சந்தைக்குள் நடந்துகொண்டிருந்தேன். ஒடுங்கின தெரு. பின்னால் ஒருவன் “பெர்மெஸ்ஸோ! பெர்மெஸ்ஸோ!” என்று கத்திக்கொண்டு வந்தான். பொலிஸ் என்று நினைத்தேன். நடுத்தெருவில் பையைக் கீழே வைத்து, சட்டைக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் உறையில் இருந்த கடதாசியை எடுத்து நீட்டினேன். எதிரே நின்றவன் தலையில் மீன் பெட்டி வைத்திருந்த ஒரு மீன்காரன். தெரு முழுக்கச் சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியை இறக்கி, கையைத் துடைத்து, என் கடதாசியை வாங்கி முன்னும் பின்னும் பார்த்து, “எல்லாம் சரி சிஞ்ஞோரா, நீங்கள் போகலாம்” என்றான்.

அன்று தொடக்கம் என்னைக் கண்டால் அவன் “கடதாசி!” என்று கத்துவான்.

“முதலிலை உன்ரை மீனின்ரை கடதாசியைக் காட்டு. அது கடலை விட்டு வந்து எத்தினை நாள் எண்டு பாப்பம்” என்று நானும் விடமாட்டேன். அவன் மொழியில் சொல்லத் தெரிந்தவரை சொல்லி, மிச்சத்தை யாழ்ப்பாணத் தமிழில் சொல்வேன். அவனுக்கு விளங்கும்.

எனக்கு வேலை நகரின் அடுத்த பக்கத்தில், சீசா என்கிற பகுதியில். ஒரு வயதுபோன சிஞ்ஞோரா, எங்கள் பேச்சில் அம்மணி, தனியாக இருக்கிறவர். இடுப்புக்குக் கீழே பலம் இல்லை. யாராவது வந்து தூக்காவிட்டால் படுக்கையை விட்டு இறங்க முடியாது. நான் விடியமுன் போய் அவரைத் தூக்கி, கழுவி, உடுப்பு மாற்றி, ஜன்னல் ஓரம் கதிரையில் இருத்தி, கோப்பி கொடுக்க வேண்டும். சாவி என் கையில்தான் இருக்கும். ஆனாலும் கதவைத் திறந்ததும் வாசலில் நின்று “பெர்மெஸ்ஸோ?” என்று கேட்க வேண்டும். இது இவர்களுடைய மரியாதை. முதல் நாள் எனக்கு அது தெரியாது. நேரே உள்ளே போய்விட்டேன்.

“இது ஆற்றை வீடு?” என்று படுக்கையில் கிடந்தபடி கேட்டார்.

“உங்கடை வீடு, சிஞ்ஞோரா.”

“அப்ப வெளியிலை போய்க் கேட்டிட்டு வா.”

எனக்குக் கோபம் வரவில்லை. எழும்ப முடியாத மனுசி தன் வாசலை விட்டுக்கொடுக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது. நானும் அப்படிப்பட்டவள்தான். வெளியே போய் நின்று கேட்டேன். “அவந்தி” என்றார். உள்ளே வா என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஒவ்வொரு விடியலிலும் கேட்டேன், ஒவ்வொரு விடியலிலும் அவந்தி என்றார்.

பலெர்மோவில் பனி கொட்டுவதில்லை. கனடாவில் இருந்து போனில் கதைக்கிற உறவுக்காரர் அதைக் கேட்டுவிட்டு, உங்களுக்கென்ன, சொர்க்கம் என்பார்கள். அவர்கள் காருக்குள் இருந்து பனியைப் பார்க்கிறவர்கள். இங்கே மார்கழியில் பெய்கிற மழை கழுத்தால் இறங்கிக் குதிக்காலுக்குப் போகும். கடல் பக்கத்துக் காற்று சைக்கிளைப் பிடித்து நிறுத்தும். சில நாள் ஆபிரிக்காவில் இருந்து காற்று மண்ணை அள்ளிக்கொண்டு வரும், அன்றைக்கு மழை பெய்தால் சேறாகவே பெய்யும், மழைக்கோட்டில் செம்மண் பொட்டுப் பொட்டாக ஒட்டும். நான் காலுறைக்கு மேலே பாண் சுற்றி வருகிற பிளாஸ்டிக் பையைக் கட்டி அதற்கு மேலே சப்பாத்துப் போடுவேன். செத்துப்போன என் மனுசனின் ஜாக்கெட்டைத்தான் போடுவேன். அவர் இருந்த காலத்தில் எனக்குச் செய்த உதவியை விட அந்த ஜாக்கெட் செய்தது அதிகம்.

பஸ் வந்தால் வரும், வராவிட்டால் வராது. படுக்கையில் கிடக்கிற மனுசியை அதை நம்பி வைக்க முடியாது. ஊரில் பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெய்க் கானைக் கட்டிக்கொண்டு மிதித்த கால் இது, அதற்குச் சைக்கிள் புதிதல்ல. கண்தான் பிரச்சினை. வலது கண்ணில் வெண்படலம். இருட்டில் கார் விளக்கு எதிரே வந்தால் பால் கொட்டின மாதிரிப் பரவிவிடும். அதனால் பெரிய றோட்டை விட்டு, சந்தைத் தெருக்களால் போவேன். இங்கே சுவர்களில் மாதா சுரூபம் வைத்துச் சின்ன பல்ப் போட்டிருப்பார்கள். ஒரு மாதாவில் இருந்து அடுத்த மாதா வரை எனக்கு வழி தெரியும்.

“அம்மா, உங்களுக்கு ஒரு கண் தெரியேல்லை. மற்றது தெரியிற மாதிரி நடிக்குது” என்பாள் மகள். “விடுங்கோவன் இந்த வேலையை. வீட்டிலை இருங்கோ.”

“இருந்து?”

“ரீவி பாருங்கோ.”

“கண் தெரியாதெண்டாய். பிறகென்னத்தை ரீவி பாக்கிறது?”

நான் விடமுடியாததற்கு வேறு காரணமும் இருந்தது. சிஞ்ஞோராவுக்கு இரண்டு மகன்மார், இரண்டு பேரும் வடக்கே. கிறிஸ்மசுக்கு வந்தபோது குசினியில் என்னை வைத்துக்கொண்டு, அம்மாவுக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னார்கள். “நீங்கள் வரும்வரைக்கும்தான் இந்த ஏற்பாடு. ஒரு நாள் நீங்கள் வராமல் விட்டால், அம்மாவை முதியோர் இல்லத்தில் விட்டுவிடுவோம்.” நான் அறைக்குள் போனபோது சிஞ்ஞோரா என் கையைப் பிடித்தார். அடுத்த நாள் காலையில்தான் சொன்னார், முற்றத்தில் என் சைக்கிளின் பிரேக் கீச்சென்று கத்துவதை இருட்டில் கிடந்து காத்துக்கொண்டிருப்பாராம். அது கேட்டால்தான் தனக்கு விடிந்ததாம். அந்த பிரேக் சத்தம் போடும், ஆனால் பிடிக்கும்.

தை மாதம். இரவு முழுக்க மழை பெய்து, நான் வெளிக்கிடும்போதும் பெய்துகொண்டிருந்தது. கபோவில் கடைகளுக்குப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே தெருவுக்குப் பாவியிருப்பது பளிங்கு மாதிரித் தேய்ந்த கல். மழைத்தண்ணீரும் மீன் தண்ணீரும் சேர்ந்தால் எண்ணெய் பூசின மாதிரி. முன்னால் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டி தூக்கினான். நான் வழக்கம்போல “பெர்மெஸ்ஸோ!” என்று கத்தினேன்.

யாராக இருந்தாலும் ஒரு அடி விலகுவார்கள். இவன் விலகவில்லை. பெட்டியை வைத்தான். நடுத்தெருவில் என் பக்கம் திரும்பினான். கையை ஜாக்கெட்டுக்குள் விட்டான். பல்ப் வெளிச்சத்தில் பிளாஸ்டிக் உறை மின்னியது.

வேறு ஒருத்தி என்றால் இவன் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். எனக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது. பிரேக்கை இறுக்கினேன். கத்தியது, சில்லும் நின்றது, ஆனால் கல்லில் சறுக்கிக்கொண்டு போனது. சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வலது கை என் அடியில் போய் முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

அவன் அப்படியே நின்றான். வங்காளதேசத்து ஆளாக இருக்க வேண்டும். என் மகளின் வயது, மீசை நரைக்கத் தொடங்கியிருந்தது. கடதாசியை நீட்டிப் பிடித்தபடி, “இருக்கு சிஞ்ஞோரா, என்னட்டைப் பெர்மெஸ்ஸோ இருக்கு” என்று தெரிந்த இத்தாலியனில் திரும்பத் திரும்பச் சொன்னான். நான் தண்ணீருக்குள் கிடந்தபடி தமிழில், “உள்ளுக்கு வை தம்பி, நனையுது” என்றேன். அவனுக்கு விளங்கவில்லை.

மீன்காரன் ஓடிவந்து என்னைத் தூக்கிக் கதிரையில் இருத்தினான். அம்புலன்சுக்குப் போன் பண்ணினார்கள். நான் சாவியை எடுத்து நீட்டி விலாசம் சொன்னேன். சீசாவில் ஒரு மனுசி படுக்கையில் கிடக்கிறார், யாராவது போக வேண்டும் என்றேன். மீன்காரன் என்னைப் பார்த்தான், தன் கடையைப் பார்த்தான், கையைத் துடைத்துக்கொண்டு சாவியை வாங்கினான்.

அவன் ஒழுங்காகத்தான் செய்தான். வாசலில் நின்று பெர்மெஸ்ஸோ கேட்டிருக்கிறான். சிஞ்ஞோரா யாரது என்று கத்தியிருக்கிறார். என் பெயரைச் சொன்ன பிறகுதான் உள்ளே விட்டாராம். தூக்கி இருத்தி, கோப்பியும் போட்டுக் கொடுத்திருக்கிறான். கோப்பி நெத்தலி நாறியது என்று அவர் பிறகு குறை சொன்னார். ஆனால் அவர் கத்தினது மேல்வீட்டுக்குக் கேட்டுவிட்டது. அவர்கள் இறங்கி வந்து பார்த்தால், றப்பர் பூட்சோடு முன்பின் தெரியாத ஒருவன் அவருடைய அறைக்குள். மகன்மாருக்குப் போன் போனது.

மூத்த மகன் ஆஸ்பத்திரியில் இருந்த எனக்குப் போன் எடுத்தார். எங்கள் ஆட்களில் நம்பிக்கையான ஒருத்தியை என் கை சுகமாகும்வரை அனுப்புகிறேன் என்றேன். “வேண்டாம் சிஞ்ஞோரா. நீங்கள் செய்தது காணும்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். என் கை மாவுக்கட்டில் இருக்கும்போதே சிஞ்ஞோராவை இல்லத்தில் கொண்டுபோய் விட்டார்கள்.

கட்டுப் பிரித்த பிறகு கை கொஞ்சம் கோணல். பிரேக்கை முழுதாக இறுக்க முடியாது. ஆனாலும் சைக்கிளில்தான் பார்க்கப் போனேன். மகள் அதற்காக என்னோடு கதைக்காமல் இருந்தாள். இல்லத்தில் அவருடைய அறை மூன்றாம் மாடி, இரண்டு கட்டில், பூட்டின ஜன்னல். கதவு திறந்துதான் கிடந்தது. நான் வாசலில் நின்று “பெர்மெஸ்ஸோ?” என்றேன்.

“அவந்தி, அவந்தி!” என்றது பக்கத்துக் கட்டில் கிழவி, தன்னைப் பார்க்க யாரோ வந்த சந்தோஷத்தில்.

சிஞ்ஞோரா சுவர்ப் பக்கம் பார்த்துக் கிடந்தார். “என்னட்டை ஏன் கேக்கிறாய்?” என்றார். “இது என்ரை வீடோ?”

நான் உள்ளே போனேன். தலையணை சரிந்திருந்தது. அதைத் தூக்கப் போனபோது வெள்ளைச் சட்டைப் பிள்ளை ஒருத்தி வந்து, தொட வேண்டாம், அது எங்கள் வேலை என்றாள். கையை எடுத்துக்கொண்டேன். அவர், “பிரேக் கேக்கேல்லை” என்றார். “மூன்றாம் மாடி, சிஞ்ஞோரா” என்றேன்.

திரும்பும்போது இருட்டிவிட்டது, தூறியது. கபோவில் இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன். அந்த மீசைக்காரன் இப்போது என்னைத் தூரத்தில் கண்டதுமே சுவரோடு ஒதுங்குகிறான். மீன்காரன் கடதாசி கேட்பதில்லை. மகள் புதிய மணி வாங்கி மேசையில் வைத்திருக்கிறாள், இன்னும் பூட்டவில்லை. முன்னால் ஆட்கள் நின்றால், அவர்களாகத் திரும்பிப் பார்த்து விலகும்வரை பின்னால் நிற்கிறேன். மழை பெய்தாலும் நிற்கிறேன்.